மங்கலாக நிற்கத் தெரியாதவர்

மழைக்காலம் முடிந்து வெயில் இன்னும் தலைகாட்டாத ஒரு நாள், சாலிகிராமத்து ஸ்டுடியோ ஒன்றில் ராஜா தர்பார் காட்சிக்கு வந்திருந்த இருநூற்றுப் பத்துப் பேரும் மதியச் சாப்பாட்டுக்குத் தட்டை ஏந்தி வரிசையில் நின்றபோது, தலை எண்ணிக்கொண்டு வந்த புரொடக்‌ஷன் ஆள் இருநூற்றுப் பதினொன்று என்று முடித்து, மறுபடி எண்ணி, மறுபடியும் இருநூற்றுப் பதினொன்றே வர, சரி, ஒரு வாய் சோறுதானே என்று விட்டுவிட்டார்; அந்த இருநூற்றுப் பதினொன்றாவது ஆள்தான் ஆகாசம்.

வேகவைத்த கத்தரிக்காய்த் தோலின் நிறம், ஏழரை அடி உயரம், இமை இல்லாத இரண்டு கண்கள், கைக்கு நான்கு விரல்கள், பக்கத்தில் போனால் சூடான இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் தெளித்த வாசம். அடுத்த ஃப்ளோரில் ஏதோ பேய்ப் படம், பாவம் மேக்கப்போடு சாப்பிட வந்திருக்கிறான் என்று முன்னால் நின்றவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். சாயங்காலம் மேக்கப் கலைக்கிறவர் தேங்காய் எண்ணெயும் பஞ்சுமாக ஒரு மணி நேரம் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது வராது, இவரே இப்படித்தான்" என்று கையைத் துடைத்துக்கொண்டபோதும் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. கோடம்பாக்கத்துக்கு யார் யாரோ எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். சாத்தூரிலிருந்து ஓடி வந்தவர், நெல்லூரிலிருந்து டிக்கெட் இல்லாமல் வந்தவர், பெண்டாட்டியிடம் சொல்லாமல் வந்தவர். இவர் கொஞ்சம் மேலேயிருந்து வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

பெயர் கேட்டதற்கு அவர் மேலே கை காட்டினார். துணை நடிகர் சங்கத்துக் குமாஸ்தா 'ஆகாசம்' என்று எழுதிக்கொண்டார். தகப்பனார் பெயர் கேட்டதற்கும் மேலேயே கை காட்டினார். குமாஸ்தா அந்த இடத்தில் 'காலமாகிவிட்டார்' என்று எழுதி, அனுதாபமாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆரஞ்சுத் தோட்டம் என்று பேர், ஆரஞ்சு மரத்தைக் கண்ணால் கண்டவர் யாரும் கிடையாது. மூன்று பக்கம் ஸ்டுடியோச் சுவரும் ஒரு பக்கம் கால்வாயுமாக அடைபட்ட அந்தச் சந்தில், படங்களில் கூட்டமாக நிற்கிறவர்கள் அறுபது குடும்பம் இருந்தார்கள். சங்கத்துப் பேரேட்டில் ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு வகை எழுதியிருக்கும். கிராமத்து முகம், பணக்கார முகம், படித்த முகம், துக்க முகம். இருபத்தெட்டு வருஷமாக நீதிபதியாகவே உட்கார்ந்தவரை எல்லோரும் ஜட்ஜ் அய்யா என்றார்கள். வீட்டில் அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிட்டாள். தொப்பி போட்டே முன் வழுக்கை விழுந்தவர் இன்ஸ்பெக்டர். "சாரிம்மா, எங்களால முடிஞ்சதைச் செஞ்சுட்டோம்" என்ற ஒரே வசனத்தை நூற்றுச் சொச்சம் படங்களில் பேசியவர் டாக்டர். சந்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அவரிடம்தான் முதலில் காட்டினார்கள், அவரும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். ஆகாசத்துக்கு எதிரே குமாஸ்தா புது வகை ஒன்றை எழுதினார்: வேற்றுக்கிரகம்.

அந்த வகைக்கு அப்போது நல்ல கிராக்கி இருந்தது. பறக்கும் தட்டு இறங்கியது, புகை வந்தது, கதாநாயகி அலறினாள், ஆகாசம் நடந்து வந்தார், பதினொரு படம். அவர் பார்க்கப் போதுமான அளவு பயங்கரமாக இல்லை என்று எல்லா இயக்குநர்களும் குறைப்பட்டு, ஒருவர் ரப்பர் கொம்பு வைத்தார், ஒருவர் வாலும் வைத்தார், ஆகாசம் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. தமிழை செட்டில் நின்றே கற்றுக்கொண்டதால் எதையும் இரண்டு தடவை சொல்வார், முதல் தடவை ரிகர்சல் போல மெதுவாக, இரண்டாம் தடவை டேக் போலத் தெளிவாக. "தண்ணி லாரி வந்துடுச்சு. தண்ணி லாரி வந்துடுச்சு." அரிசி கழுவிய தண்ணீர்தான் அவருக்கு ஆகாரம், அதுவரை கால்வாயில் கொட்டியதை அறுபது வீட்டிலும் சொம்பில் எடுத்து வைத்தார்கள். மாடியில் கயிறு கட்டுவது, உத்தரத்துப் பல்பு மாற்றுவது, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைத் தண்ணீர்த் தொட்டியடியில் வைத்துப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு.

ஒரே ஒரு விஷயம் மட்டும் உண்டு. கேமராவிலிருந்து அவர் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் மங்கலாக மாட்டார். நாலடியில் நாயகன் முகத்துக்கு ஃபோகஸ் வைத்திருக்க, நூறடிக்கு அப்பால் சுவரும் மரமும் மனுஷர்களும் பனியாய்க் கரைந்திருக்க, அந்தப் பனிக்குள் ஆகாசம் மட்டும் செதுக்கி வைத்தது போல, சட்டைப் பொத்தான் எத்தனை துளை என்று எண்ணும்படி நிற்பார். வேற்றுக்கிரகப் படங்களுக்கு அது வசதியாகக்கூட இருந்தது. ஆரஞ்சுத் தோட்டத்துச் சனங்களுக்கோ அது கொஞ்சம் அருவருப்பு. பதியாத முகத்துக்குத்தான் அந்தத் தொழிலில் சோறு. கல்யாணப் பந்தியில் முகம் பதிந்துவிட்ட ஆள் அதே படத்தின் கோர்ட்டில் உட்கார முடியாது. 'இவளை எங்கேயோ பார்த்தோமே' என்று ஜனங்கள் நினைத்துவிட்டால் அடுத்த அழைப்பு வராது. மங்கலாக நிற்பது ஒரு வித்தை, அதைத் தாய்மார் பிள்ளைகளுக்கு நடை பழக்கும்போதே பழக்கினார்கள்.

செலின் அந்தச் சந்துக்கு வந்தபோது ஆகாசம் வந்து பதினாலு வருஷம் ஆகியிருந்தது. தூத்துக்குடியில் கான்வென்டில் படித்தவள். அவள் ஊர் மாதா கோயிலில் ஒரு சினிமாப் பாட்டுப் படப்பிடிப்புக்கு விளக்குப் பிடிக்க வந்த தங்கதுரையோடு ரயிலேறி வந்துவிட்டவள். அவள் பெயரை வீட்டு ஜெபமாலையில் சொல்வதை அப்பா அன்றோடு நிறுத்திவிட்டதாகக் கேள்வி. முதுகு நிமிர்த்தி உட்காருவாள், இங்கிலீஷ் பேசும்போது உதடு பிசகாது, அதனால் பேரேட்டில் அவளுக்குப் படித்த முகம் என்று விழுந்தது. தங்கதுரையோ ஹைதராபாத்தில் முடியாத சரித்திரப் படம் ஒன்றின் விளக்குகளோடு கிடந்தான். நாலு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு நாள் வருவான், வந்த களைப்பில் ஒரு நாள் தூங்குவான். மூன்று அழைப்பைத் தொடர்ந்து மறுத்தால் சங்கத்து அட்டை போய்விடும், அட்டை போனால் அறை போய்விடும் என்பதால், அமலி பிறந்த நாற்பத்தோராம் நாள் செலின் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் ஆகாசத்தின் நான்கு விரல் கைகளில் கொடுத்தாள்.

"கழுத்து நிக்கலை அண்ணே, பாத்து."

"பாத்துக்குறேன். பாத்துக்குறேன்."

செலினுக்குப் பயம் என்பது கூடப் பிறந்தது. குழந்தை அழுதால் பயம், அழாமல் இருந்தால் அதைவிடப் பயம். மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பாள், தங்கதுரை போன் எடுக்கவில்லை என்றால் அவன் விழுந்துவிட்டான் என்று நினைப்பாள், எடுத்துவிட்டால் யாரோ பக்கத்தில் சிரிக்கிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பாள். ஆனால் ஆகாசத்தின் மடியில் குழந்தையை விட்டுவிட்டுப் போகிற நாட்களில் மட்டும் பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்து தூங்குவாள். மற்றப் பிள்ளைகள் தொட்டியடியில் ஓடியாட, அமலி முதல் பத்து மாதமும் அவர் கையிலேயே கிடந்தாள், அந்த வாசத்திலேயே வளர்ந்தாள்.

"இவ கண்ணைப் பாருடி, சிமிட்டவே மாட்டேங்குறா" என்பாள் பக்கத்து அறைக் குமுதா, துக்க முகம், எந்தச் சாவு வீட்டுக் காட்சிக்கும் முதல் ஆளாக அழைக்கப்படுகிறவள். "அப்படியே ஆகாசம். தங்கதுரை வந்தான்னா யார் ஜாடைன்னு கேப்பான், பதிலை இப்பவே யோசிச்சு வை."

"சும்மா இருங்கக்கா" என்று சிரித்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தை இமைக்கிறதா என்று செலின் எண்ணுவாள். இமைத்தது. கொஞ்சம் தாமதமாக இமைத்தது.

இதற்கெல்லாம் முன்பே வானத்திலிருந்து வருகிறவர்களின் காலம் முடிந்துவிட்டிருந்தது. எப்போது முடிந்தது என்று யாருக்கும் தேதி தெரியாது. ஒரு வருஷம் அழைப்பு வரவில்லை, அப்புறம் மூன்று வருஷமாக வரவில்லை. கூட்டத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் பக்தவச்சலம், சயின்ஸ் படம் எடுப்பதில் கெட்டிக்காரர் என்று பேரெடுத்த இயக்குநர் பரிதியிடம் ஆகாசத்தை நேரிலேயே கூட்டிப்போனார்.

"சார், இவர் ஒரிஜினல் சார். மேக்கப் வேண்டாம், கிராஃபிக்ஸ் வேண்டாம்."

பரிதி தலை நிமிர்த்திப் பார்த்து, வணக்கம் சொல்லி, நாற்காலி போடச் சொன்னார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஏலியன் எல்லாம் இனிமே படத்துல நிக்காது. அப்போ வானத்துல என்ன இருக்குன்னு தெரியாது, அண்ணாந்து பாத்துப் பயந்தாங்க. இப்போ எதிர் வீட்டுல யாரு இருக்கான்னு தெரியல. அவனவன் வாசல் மணி அடிச்சாப் பயப்படுறான், கையில இருக்குற போனைப் பாத்துப் பயப்படுறான். மேலேருந்து ஒருத்தர் இறங்கி வந்து புதுசா என்ன செஞ்சுடப் போறாரு?"

"நடிப்பாரு சார்."

"பாத்தா நல்லவராத் தெரியுறாரு. அதுதாங்க பிரச்னையே."

ஆகாசம், "சரிங்க. சரிங்க" என்று எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்.

வகை இல்லாதவருக்கு அட்டையைப் புதுப்பிக்க முடியாது. ஆகவே பக்தவச்சலம் பேரேட்டில் வேற்றுக்கிரகத்தை அடித்துவிட்டு கிராமத்து முகம் என்று எழுதினார். அதில்தான் வினை வந்தது. பெரிய கம்பெனிப் படம், பெரிய நடிகர் தாய் மடியில் தலை வைத்து உயிர் விடுகிற காட்சி, ஒரே ஷாட், ஆறு நிமிஷம்; ஆரஞ்சுத் தோட்டமே வேட்டியும் சேலையுமாகப் பின்னால் வரப்பில் நின்றது. நடிகர் அன்றைக்கு மெய்யாகவே அழுதார் என்று பேச்சு. ஆனால் போட்டுப் பார்த்தபோது ஒருவர் கண்ணும் நடிகரிடம் போகவில்லை. எல்லோரும் கரைந்து நின்ற அந்தப் பச்சை மங்கலுக்குள், தலைப்பாகை கட்டிய ஆகாசம் கண்ணைச் சிமிட்டாமல் ஆறு நிமிஷமும் தெளிவாக நின்றுகொண்டிருந்தார், சாகிறவனை உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருக்கிற ஒரே ஆள் அவர்தான் என்பது போல. நடிகர் மறுபடி அழ மறுத்தார். கம்பெனி, அந்தச் சந்திலிருந்து இனி ஒரு தலைகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஒரு கம்பெனி சொன்னதை நாலு கம்பெனி கேட்டது. அறுபது வீட்டிலும் உலை வைப்பது குறைந்தது, அரிசி கழுவிய தண்ணீரும் குறைந்தது.

அந்த வாரம்தான் செலின் தங்கதுரைக்கு அனுப்ப ஒரு படம் எடுத்தாள். கையில் இருந்த புது கிலுகிலுப்பையைக் காட்டத்தான் எடுத்தாள். கிலுகிலுப்பை பக்கத்தில், அமலி தூரத்தில், மாடிப்படிக்கு அந்தப் பக்கம், காயப்போட்ட பத்துச் சேலைகளுக்கு நடுவில், ஆகாசத்தின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். போனில் சேலைகள் வெறும் வண்ணமாக வழிந்திருந்தன. படிக்கட்டு இருக்கும் இடம் தெரியவில்லை. அதற்குள் இரண்டு உருவம் மட்டும் அறுத்து வைத்தது போல நின்றன, பெரியது ஒன்று, சிறியது ஒன்று. சிறியதன் கன்னத்தில் காலையில் வைத்த பொட்டில் விரல் ரேகை தெரிந்தது.

செலின் இருபத்து மூன்று படம் எடுத்தாள். வாசலிலிருந்து எடுத்தாள், மொட்டை மாடியிலிருந்து எடுத்தாள், கண்ணாடித் தம்ளர் வழியாக எடுத்தாள். பிறகு ஒவ்வொன்றாக அழித்தாள். அழித்துவிட்டு, அவள் முதலில் நினைத்தது பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பதை அல்ல. யார் ஜாடை என்று கேட்டால் என்ன சொல்வது என்பதைத்தான். அதற்காக அவள் பிறகு எத்தனையோ முறை நெஞ்சில் அடித்துக்கொண்டாள், ஆனால் முதலில் நினைத்தது அதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர்த் தொட்டியடியில் கூட்டம் போட்டார்கள். வேற்றுக்கிரகத்துக்குப் படத்தில் இடம் இருக்கிறதா இல்லையா என்பதை முதலில் முடிவு செய்வது, பிறகு மற்றது என்று ஏற்பாடு.

"குழந்தைங்க இன்னும் ஆசையாப் பாக்குதுங்க" என்றார் ஒருவர்.

"பாக்கட்டும். கம்ப்யூட்டர்ல போட்டுக்குறான். அது கஞ்சித் தண்ணி கேக்காது, ரூம் கேக்காது."

"வெளிநாட்டுல இன்னும் வருதே?"

"அங்க வரட்டும். அங்க எடம் இருக்கு."

"அடுத்த வீட்டுக்காரனே ஏலியன் மாதிரி இருக்குறப்போ தனியா ஒண்ணு எதுக்கு" என்றாள் குமுதா, எல்லோரும் சிரித்தார்கள், ஆகாசமும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

இடமில்லை என்று முடிவாயிற்று. ஆனால் தப்புச் செய்யாத ஒருவரை எப்படி அனுப்புவது என்று தெரியாமல் சனம் தரையைப் பார்த்தது. அப்போது யாரோ, "ஜட்ஜ் அய்யாவைக் கேளுங்க" என்றார்கள். வேறு எந்தச் சந்திலும் யாருக்கும் தோன்றாத தவறு அது, ஏனென்றால் அங்கெல்லாம் இருபத்தெட்டு வருஷமாகத் தீர்ப்புச் சொன்னவர் இருந்ததில்லை. ஜட்ஜ் அய்யா உள்ளே போய்க் கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து வந்தார். டாக்டர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டார். அங்கியைப் போட்டதும் ஜட்ஜ் அய்யாவின் குரலே மாறிவிட்டது, அந்தக் குரலுக்கு முன்னால் கூட்டம் தானாகவே கோர்ட்டுக் கூட்டமாக உட்கார்ந்தது. அது அவர்களுக்குத் தெரிந்த வேலை.

"சைலன்ஸ்" என்றார் ஜட்ஜ் அய்யா. "டாக்டர், இவருக்கு இருப்பது என்ன?"

டாக்டர் ஆகாசத்தின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். அதில் ஒன்றும் கேட்காது, உள்ளே குழாய் அடைத்திருந்தது. "இது ஒட்டும்" என்றார் கடைசியில். "பெரியவங்களுக்கு ஒட்டாது. கைக்குழந்தைங்களுக்கு ஒட்டும். மடியில வளந்தா நிச்சயம் ஒட்டும்."

அறுபது வீட்டுத் தாய்மாரும் பிள்ளைகளை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். ஒட்டிய பிள்ளை பதியும். பதிந்த பிள்ளைக்கு இந்தத் தொழிலில் சோறு கிடையாது. பதிந்த பிள்ளையை வைத்திருக்கிற சந்துக்கும் கிடையாது. இன்ஸ்பெக்டர் ஸ்டில் கேமரா ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, தாய்மார்களை வரிசையாக எழுப்பினார். "உன் புள்ளைய இவர் தூக்கி வளத்தாரா? வளத்தாருன்னா புள்ளைய அந்தச் சுவத்தோரம் நிறுத்து, ஒரு போட்டோ எடுத்துப் பாத்துடலாம்."

"தூக்குனதில்லைங்க" என்றாள் முதல் தாய். அவள் இரட்டைப் பிள்ளைகளை ஆகாசம் ஆளுக்கொரு தோளில் வைத்துக்கொண்டு தேர் காட்டியது எல்லோருக்கும் தெரியும். "எங்க வீட்டுப் பக்கமே வரமாட்டாருங்க" என்றாள் இரண்டாமவள். "பேரே இப்பத்தான் தெரியும்" என்றாள் மூன்றாமவள், அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. பொய் என்று எல்லோருக்கும் தெரிந்தது, தெரிந்தே எல்லோரும் தலையாட்டினார்கள். ஆரஞ்சுத் தோட்டத்தில் அன்று ஒரு தாய்கூட ஆகாசத்தை அறியவில்லை.

செலினின் முறை வந்தது. அமலியைத் துப்பட்டாவுக்குள் முகம் தெரியாமல் அணைத்திருந்தாள்.

"உன் புள்ளைய?"

"இல்லை."

"ஒரு தடவைகூட?"

"இல்லைன்னு சொன்னேனே."

"மாதா மேல ஆணையா?" என்றாள் குமுதா பின்னாலிருந்து, அவளுக்கு என்ன கோபமோ.

"ஆணையா. எனக்கு இவர் யாருன்னே தெரியாது." சொல்லி முடிக்கும்போதே கான்வென்டில் பெரிய வெள்ளி தோறும் வாசித்த பாடம், குளிர்காயும் நெருப்பின் பக்கத்தில் உட்கார்ந்து தன் குருவையே தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த அந்தச் செம்படவன், அவள் காதுக்குள் வந்து உட்கார்ந்தான். பெரியவர்களுக்கே அப்படி ஆனது என்று அவள் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். துப்பட்டாவுக்குள் இருந்த அமலி, தெரிந்த வாசத்தைப் பிடித்து, கையை வெளியே நீட்டினாள். செலின் அந்தக் கையை உள்ளே இழுத்து அழுத்தினாள்.

ஆகாசம் அதைப் பார்த்தார். எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்கிறவர், அன்றைக்கு ஒரே தடவைதான் சொன்னார். "நான் தூக்கினதில்லை."

தீர்ப்பு என்று ஒன்று தேவைப்படவில்லை. மறுநாள் விடிந்ததும் அவர் நடந்து போனார். தட்டும் வரவில்லை, புகையும் வரவில்லை. ஒரு மஞ்சள் பையில் சங்கத்து அட்டையையும் ஒரு சொம்பையும் போட்டுக்கொண்டு, ஆற்காடு சாலையில் போரூர்ப் பக்கம் நடந்தார். மற்றவர் என்றால் இருநூறு அடியில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் கரைந்து போவார். அவர் கரையவில்லை. எட்டு மணிக்கும் தெரிந்தார், பத்து மணிக்கும் தெரிந்தார், மதியம் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது கட்டைவிரல் உயரத்தில், சட்டை மடிப்புக்கூட கலையாமல் தெரிந்தார். மாடிக்குத் துணி காயப்போடப் போனவர்கள் துணியோடு திரும்பி வந்தார்கள். மேற்குப் பக்கத்து ஜன்னல்களை எல்லாம் சந்து முழுக்கச் சாத்திவைத்தார்கள். இருட்டியபோதுதான் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள்.

நாலு நாளில் கம்பெனிகளிலிருந்து அழைப்பு வந்தது. வேலைக்குப் போகிறவர்கள் மூத்த பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். அமலியைப் பூட்ட முடியாது. குமுதாவிடம் கேட்டதற்கு, "ஐயோ, கைக்குழந்தை எனக்கு ஆகாதும்மா" என்றாள். செலின் ஒரு அழைப்பை மறுத்தாள், இரண்டாவதையும் மறுத்தாள். மூன்றாவது அழைப்புக்குப் பக்தவச்சலம் நேரிலேயே வந்து நின்றார்.

"பரிதி சார் படம். உனக்காகவே எழுதுன மாதிரி சீன், கைக்குழந்தையோட இருக்குற பொம்பளைங்கதான் வேணுமாம். இதையும் விட்டேன்னா என் கையில ஒண்ணும் இல்லை செலின்."

"எவ்வளவு தூரத்துல நிக்கணும் அண்ணே?"

"கடைசி வரிசையில நில்லு. யாரு பாக்கப் போறா."

அது சயின்ஸ் படம்தான். ஆனால் அதில் வானமே வராது என்றார்கள். ஒரு ஊர், ஊரைச் சுற்றி வேலி, வேலியில் ஒரு வாசல். உள்ளே விடுவதற்கு முன் ஒவ்வொருவரும் நம்மவர்தானா என்று சோதிக்கிறார்கள். யார் நம்மவர் இல்லை என்பதைக் கடைசி வரைக்கும் இயக்குநர் காட்டமாட்டார், அதுதான் பயம். வாசலில் இன்ஸ்பெக்டர் தொப்பியோடு நின்றார், மேஜையில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். கேமராவுக்கு நாலடியில் கதாநாயகி. நூற்றிருபது அடிக்கு அப்பால், கம்பி வேலியோரம், நாற்பது பெண்கள் கைக்குழந்தைகளோடு. செலின் நாற்பதாவது ஆளாக, மற்றவள் முதுகுக்குப் பின்னால், குழந்தையின் தலைமேல் துப்பட்டாவைப் போட்டு, சிறு வயதில் கோயிலில் நிற்பது போல் தலை குனிந்து நின்றாள். மங்கலாக நிற்பதில் அவள் இப்போது கைதேர்ந்தவள்.

மேல் காற்று அடித்தது. துப்பட்டா போயிற்று.

மானிட்டரில் ஃபோகஸ் பார்க்கிறவர், "சார்" என்றார்.

"பாத்துட்டேன்" என்றார் பரிதி. "கட் சொல்லாதீங்க. ஓடட்டும்." அவர் நாற்காலியை விட்டு எழுந்து, திரையை நோக்கிக் குனிந்து, கோயிலில் பேசுகிற குரலில் பேசினார். "இதைத்தான்யா தேடிட்டிருந்தேன். மேலேருந்து வர வேணாம். இங்கயே பொறந்திருக்கு பாரு. யாரு குழந்தை அது?"

மைக்கில் கேட்டார்கள். "கடைசியில நிக்கிற அந்தக் குழந்தை, யாரோடது?"

கேமராவைப் பார்க்கவே கூடாது என்று பிறந்ததிலிருந்து பழகிய சனம் மொத்தமும் திரும்பிச் செலினைப் பார்த்தது. குமுதா பார்த்தாள். டாக்டர் எழுந்து நின்று பார்த்தார். எதிர்பார்த்ததைக் கண்டவர்கள் முகத்தில் வருகிற ஒரு நிம்மதி அத்தனை முகத்திலும் இருந்தது. தெரியாது என்று ஒரு சொல், முன்பு மூன்று தரம் மறுத்தபோது சொன்ன சொல், செலினின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அதைச் சொன்னால் குழந்தையைக் கீழே வைக்க வேண்டும்.

"எம் புள்ளைதான்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் வேலியோரமாக அவள் பக்கம் நடந்து வந்தார். திட்டவில்லை, அதட்டவில்லை, அக்கறையான குரலில்தான் கேட்டார்.

"இவ பொறக்குறதுக்கு முன்னாடி தங்கதுரை எப்பம்மா வந்தான்?" கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு மாதங்களை எண்ண ஆரம்பித்தார். பின்னால் பக்தவச்சலம் பேரேட்டைத் திறந்து, அடித்து வைத்திருந்த ஒரு வகையைத் தேடிக்கொண்டிருந்தார்.

செலின் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். கம்பி வேலியைத் தாண்டி, தகரத்தில் செய்த ஊரைத் தாண்டி, ஜெனரேட்டர் வண்டிகளைத் தாண்டி, மேற்கே போகிற மண் பாதையில், எப்போது மங்குவோம், எந்த அடியில் மங்குவோம் என்று வேண்டிக்கொண்டு நடந்தாள். யாரும் கட் சொல்லவில்லை.

படம் வந்து நன்றாக ஓடியது. விஷயம் தெரிந்தவர்கள் எல்லாம் அந்த ஒரு ஷாட்டைப் பற்றியே எழுதினார்கள், வேற்றுக்கிரகத்துக்கு இன்னும் படத்தில் இடம் இருக்கிறது என்று எழுதினார்கள். ஆரஞ்சுத் தோட்டத்துக்காரர்களும் வடபழனியில் போய்ப் பார்த்தார்கள். அதில் ஒரு பெண் போகிறாள், ஆனால் அது பெண்தானா என்று சொல்ல முடியாது, ஈரக்கையால் துடைத்த சுண்ணாம்பு மாதிரி ஒரு தடம் போய்க்கொண்டே இருக்கிறது, சிறுத்துக்கொண்டே இருக்கிறது, முகம் இல்லை, பெயர் இல்லை, எந்தப் படத்திலும் அவளைத் திரும்பப் பயன்படுத்தலாம். அந்தத் தடத்தின் தோளுக்கு மேலே மட்டும் ஒரு பச்சைக் குழந்தையின் முகம், கண்ணிமையின் மயிரை எண்ணும்படி, எவ்வளவு தூரம் போனாலும் தேயாமல், தியேட்டரில் இருக்கிற ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்க்கிறது. பேச்சுப் பதிவு இல்லாத ஷாட் அது. ஆனாலும் உதடு தெரிகிறது. அதுவரை ஒரு சொல்லும் பேசியிராத அமலி, யாரையோ தேடுகிறவள் போல மேலே கை காட்டி, வாயைத் திறந்து ஏதோ ஒன்றைச் சொல்கிறாள், முதல் தடவை ரிகர்சல் போல மெதுவாக, இரண்டாம் தடவை டேக் போலத் தெளிவாக.